வட்டக்களரியும் வளைதிரையும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கல்லடிப் பாலத்தின் நடுவில் நின்று அதனை நோக்கும் ஒருவர், தலையைத் திருப்பாமலே இருபுறக் கரைகளையும் தம் பார்வையின் ஓரங்களில் உணர்வர். மனிதனின் இரு கண்களும் சேர்ந்து கிடையாக ஏறக்குறைய 200 பாகை அகலத்தைக் காண வல்லன. ஆனால் எழுத்தை வாசிக்கும் அளவு கூர்மை அப்பரப்பின் நடுவிலுள்ள இரண்டொரு பாகைக்கே உண்டு. எஞ்சிய ஓரப்பார்வை எழுத்தை அறியாது. அசைவை அறியும், வெளியை உணர்த்தும், பார்ப்பவர் காட்சிக்கு உள்ளேயே நிற்கின்றார் என்னும் உணர்வைத் தரும். அகன்ற திரையின் வரலாறு முழுவதும் இந்த ஓரப்பார்வையை எட்டுதற்கு மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறேயாகும்.

அவ்வரலாறு இன்று வாவிக்கரை வீடுகளின் வாசலுக்கே வந்துவிட்டது. பகலில் கணினியிற் தொழில் செய்து இரவில் அதே கணினியில் விளையாடும் இளைஞர்கள் மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் உளர். ‘அல்ட்ராவைட்’ என்று கடைக்காரர் கூறும் அகன்ற வளைதிரை ஒன்றை வாங்க அவர்களுட் பலர் விரும்புகின்றனர். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதன் பின்னர் இறக்குமதிப் பொருள் ஒன்றைத் தவறாகத் தெரிந்துவிட்டு, போனாற் போகட்டும் என்று வேறொன்று வாங்குவது எளியார்க்கு இயலாத காரியம். எனவே, அகலத்துக்கும் வளைவுக்கும் எதற்காகப் பணம் கொடுக்கின்றோம் என்பதை அவற்றின் வரலாற்றிலிருந்தே அறிந்துகொள்வது நன்று.

காட்சிக்கும் வட்டத்துக்கும் உள்ள உறவு மட்டக்களப்பாருக்குப் புதியதன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடப்பெற்ற களம் வட்டக்களரி. வெளியான இடத்தில் மண்ணை வட்டமாக உயர்த்தி அமைத்த அக்களரியைச் சுற்றி ஊரார் நாற்புறமும் அமர்வர். அண்ணாவியாரின் மத்தளத்துக்கு இசையக் கூத்தர் சுழன்று சுழன்று ஆடுவர். ஆதலின் எப்பக்கத்தில் இருந்தவரும் கூத்தரின் முகத்தைக் கண்டனர். நடுவில் ஆட்டம், சுற்றிலும் மக்கள் என்பதே அவ்வமைப்பு. வட்டத்தின் மையத்திலிருந்து அதன் விளிம்பிலுள்ள எவ்விடமும் ஒரே தூரம் என்னும் கேத்திர கணித உண்மையை அது அனைவர்க்கும் பொதுவாக்கியது. 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைச் செப்பனிட்டுப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். விடியவிடிய ஆடிய கூத்து சில மணி நேரத்துள் அடங்கியது; ஒரு பக்கம் நோக்கிய நாற்சதுரச் சட்டத்துள் புகுந்தது. கூத்து புத்துயிர் பெற்றது. பார்ப்போரோ வட்டத்தை விட்டு வரிசைக்கு வந்தனர்.

கூத்து வட்டத்திலிருந்து சட்டத்துக்கு வந்தது போலன்றி, மேனாட்டுத் திரைப்படம் சட்டத்திலிருந்து வட்டத்தை நோக்கிச் சென்றது. தொடக்ககாலப் படங்களின் சட்டம் நான்குக்கு மூன்று என்னும் அளவினது. 1927இல் பிரான்சு நாட்டின் ஏபெல் கான்ஸ் தமது ‘நெப்போலியன்’ படத்தின் இறுதிப் பகுதியை மூன்று திரைகளில் அடுத்தடுத்துக் காட்டினார். அதன் பின்னர் அமெரிக்கரான பிரெட் வாலர், ஓரப்பார்வையே காட்சிக்கு ஆழத்தைத் தருகின்றது என்னும் கருத்தைப் பற்றிக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் அமைத்த கருவி இங்கு குறிப்பிடத் தக்கது. விமானத்திலிருந்து சுடும் வீரரைப் பயிற்றுவதற்காக, கோளத்தின் உட்புறம் போன்று வளைந்த திரையில் ஐந்து படவீச்சுக் கருவிகள் பகை விமானங்களைக் காட்டின. பயில்வோர் போலித் துப்பாக்கியாற் குறிபார்க்க, குறி தப்பாதவை கணக்கிடப்பட்டன. இன்று வீட்டறையில் வளைதிரை முன் அமர்ந்து எதிரியைச் சுடும் விளையாட்டின் மூதாதை அப்போர்க்காலப் பயிற்சிக்கூடமே எனலாம்.

போர் முடிந்தபின் வாலர் அதனைப் படமாளிகைக்குக் கொணர்ந்தார். 1952 செப்டெம்பர் 30இல் நியூயோர்க்கில் சினிராமா முதன்முதற் காட்டப்பட்டது. மூன்று கருவிகள் ஒருங்கே ஓடின. 146 பாகை வளைந்த திரையின் ஒரு பக்கத்து ஒளி மறுபக்கத்திற் பட்டுக் காட்சியை வெளிறச் செய்யாதவாறு அத்திரை ஏறக்குறைய 1,100 நெடுங்கீலங்களால் ஆக்கப்பட்டிருந்தது. மக்கள் வியந்தனர். ஆயினும் அதற்கு இரு குறைகள் இருந்தன. ஒன்று, செலவு: மூன்று கருவிகளையும் அத்துணைப் பெரிய திரையையும் தாங்கவல்ல மாளிகைகள் சிலவே. மற்றொன்று, மூன்று படங்களும் சந்திக்கும் இரண்டு இடங்களிலும் பொருத்துக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் மூன்று கருவி முறை கைவிடப்பட்டது.

நிலைத்து நின்றது மலிவான மாற்றுவழியே. பிரெஞ்சு அறிஞர் ஆன்றி கிரெத்தியன் 1920-களில் ஒரு வில்லையை அமைத்திருந்தார். அகன்ற காட்சியைப் பக்கவாட்டிற் சுருக்கிச் சாதாரண படச்சுருளில் அடக்கவும், காட்டும்போது மீண்டும் விரிக்கவும் அது உதவியது. 1953இல் டுவென்டியெத் செஞ்சுரி பொக்ஸ் நிறுவனம் அதனைக் கொண்டு சினிமாஸ்கோப் படங்களை வெளியிட்டது. ஒரே கருவி, ஒரே சுருள், பொருத்துக்கோடு இல்லை. சினிராமா அளித்த அனுபவத்தின் முழுமை அதில் இல்லை. ஆனால் ஊர்தோறும் உள்ள மாளிகைகளின் கைக்கு எட்டியது. இந்தியாவில் குருதத்தின் ‘காகஸ் கே பூல்’ 1959இல் அம்முறையில் வந்தது. தமிழில் 1973இல் வெளியான ‘ராஜராஜ சோழன்’ முதற் சினிமாஸ்கோப் படமாயிற்று. முழுமையானதும் விலையுயர்ந்ததும் ஆகிய பொருள், போதுமானதும் கைக்கெட்டுவதும் ஆகிய பொருளுக்கு இடம்விட்டது என்பது இக்கதையின் முதற் பாடம்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அந்நாட் பெட்டிகளின் கண்ணாடிக் குழாயும் வளைந்ததுதான். ஆனால் அது பார்ப்பவரை நோக்கிப் புடைத்த வளைவு. காற்று நீக்கிய குழாய் வெளிக்காற்றின் அமுக்கத்தைத் தாங்குவதற்காக எழுந்த அவ்வளைவு, காட்சியின் பொருட்டு அமைந்ததன்று. தட்டையான திரவப் பளிங்குத் திரை வந்ததும் அவ்வளைவு மறைந்தது. பதினாறுக்கு ஒன்பது என்னும் அளவு வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பொதுவாயிற்று.

அகலம் வேண்டிய கணினியாளர் இரண்டு மூன்று திரைகளை அருகருகே வைத்தனர். சினிராமாவின் பொருத்துக்கோடு அங்கே திரைகளின் விளிம்புச் சட்டமாக மீண்டும் தோன்றியது. அதனை நீக்குவதற்கு வந்ததே ஒற்றை அகல்திரை. 2009இல் பிலிப்ஸ் நிறுவனம் இருபத்தொன்றுக்கு ஒன்பது என்று வழங்கும் அளவில் ஒரு தொலைக்காட்சியை வெளியிட்டது. சில ஆண்டுகளில் எல்.ஜி. நிறுவனம் அவ்வளவிலே 29 அங்குலக் கணினித் திரையைக் கொணர்ந்தது. 2014இல் 34 அங்குலத் திரைகள் பார்ப்பவரை நோக்கி உட்குழிந்து வந்தன.

இங்கே வரலாறு இரண்டாவது பாடம் ஒன்றைப் புகட்டுகின்றது. 2013இல் வளைந்த தொலைக்காட்சிகளும் பெரும் ஆரவாரத்துடன் விற்பனைக்கு வந்தன. சில ஆண்டுகளிலேயே அம்மோகம் தணிந்தது. வளைந்த கணினித் திரையோ நிலைத்தது. காரணம் எளிது. வளைதிரையின் பயன் அவ்வட்டத்தின் மையத்தை அணுகி இருப்பவர்க்கே உரியது. வீட்டுக் கூடத்தில் தாயும் தந்தையும் பிள்ளைகளும் பரந்திருந்து பார்க்கையில் ஒருவரே நடுவில் இருப்பர். ஓரத்தில் இருப்பவர்க்கு அருகிலுள்ள விளிம்பு கோணலாகத் தெரியும். கணினி முன் இருப்பவரோ தனியர்; நடுவில் இருப்பவர். வட்டக்களரியில் மையத்திலே கூத்தர், விளிம்பிலே ஊரார். வளைதிரையில் விளிம்பிலே காட்சி, மையத்திலே ஒருவர் மட்டும்.

இவ்விரு பாடங்களையும் கொண்டு கடைப்பெட்டியில் அச்சிட்ட எண்களை ஆராயலாம். 1800 ஆர் என்றால், அவ்வளைவை நீட்டி முழு வட்டமாக்கினால் அதன் ஆரை 1,800 மில்லிமீற்றர் என்பது பொருள். எண் குறையக் குறைய வளைவு மிகும். 34 அங்குல அகல்திரை ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் அகலமும் 33 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. 70 சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பவரது கண்ணிலிருந்து தட்டையான அத்தகைய திரையின் விளிம்பு ஏறக்குறைய 81 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும். 1800 ஆர் வளைவில் அது 77 ஆகக் குறையும். 1000 ஆர் வளைவில் 73 அளவாகும். சாதாரண 27 அங்குலத் தட்டைத் திரையின் விளிம்போ 76 சென்ரிமீற்றர் தூரத்திலேயே இருக்கின்றது. எனவே 34 அங்குலத்துக்கு மிதமான வளைவு பயனுடையது. கண் அடிக்கடி தன் குவியத்தை மாற்றும் வேலையை அது குறைக்கும். 27 அங்குலத் தட்டைத் திரை இயல்பாகவே அந்நிலையில் இருத்தலின், அவ்வளவில் வளைவுக்கு மேலதிக விலை கொடுப்பது வீண்.

அடுத்தது படப்புள்ளிகள். மலிவான 34 அங்குலத் திரைகள் சில 2,560க்கு 1,080 புள்ளிகளே கொண்டவை. அவற்றில் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிகளே விழும். தமிழின் சுழிகளும் கொம்புகளும் நுண்மை இழந்து தோன்றும். அதே புள்ளிகள் 29 அங்குலத்தில் 96 ஆக நெருங்கும். 3,440க்கு 1,440 புள்ளிகள் கொண்ட 34 அங்குலத் திரையில் 110 ஆகும். நாள் முழுதும் எழுத்தோடு பணிபுரிவோர் மலிவான 34ஐ விட்டு, நல்ல 29ஐயேனும் புள்ளி மிகுந்த 34ஐயேனும் கொள்வதே தகும். ஆனால் பின்னதற்கு ஏறத்தாழ 50 இலட்சம் புள்ளிகளைக் கணினி ஓயாது வரைய வேண்டும். 1,920க்கு 1,080 புள்ளிகள் கொண்ட வழக்கமான திரைக்கு 21 இலட்சமே போதும். பழைய வரைகலை அட்டை அச்சுமையைத் தாங்காது. திரையின் விலையோடு அட்டையின் விலையையும் கூட்டிப் பாராதவர் பாதி வழியில் இடர்ப்படுவர்.

குறைந்த விலை வளைதிரைகளுட் பெரும்பாலானவை வீ.ஏ. வகையின. கருமை ஆழமாகத் தோன்றுதல் அவற்றின் நலம். இருண்ட காட்சியில் விரைந்து அசையும் உருவின் பின்னே நிழல் இழுபடுதல் அவற்றின் குறை. ஐ.பி.எஸ். வகை நிறத்திற் சிறந்தது. படம் வரைவோர், கட்டட வரைபடம் ஆக்குவோர் ஆகியோர்க்கு நேர்கோடு நேராகவே தெரிதல் வேண்டுமாதலின் தட்டையான ஐ.பி.எஸ். திரையே ஏற்றது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரை தொழிலுக்குப் போதும். விளையாட்டுக்கு 100 முதல் 144 வரை இருத்தல் நன்று. அதற்கப்பால் ஏறும் விலைக்கு ஈடான பயனைச் சாதாரண கண் எளிதில் உணராது. அவ்வேகத்தைப் பழைய எச்.டி.எம்.ஐ. துளை தர இயலாது. கணினியில் டிஸ்பிளே போர்ட் உண்டா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். மேலும், போட்டி விளையாட்டுகள் சில அகல்திரையை ஏற்பதில்லை; இருபுறமும் கருங்கோடு விட்டு நடுவில் மட்டும் இயங்கும். ரூபவாஹினி நிகழ்ச்சியைப் பார்த்தாலும் அவ்வாறே. 34 அங்குலத் திரையில் அப்போது எஞ்சுவது 27 அங்குலத் திரையின் காட்சியே. ‘ராஜராஜ சோழன்’ போன்ற சினிமாஸ்கோப் படமே அதனை நிறைக்கும்.

மட்டக்களப்பு வீட்டின் இயல்பும் கணக்கில் வரவேண்டும். காற்றுக்காகத் திறந்துவைத்த யன்னலுக்கு எதிரே வைத்த வளைதிரை, வெளிச்சத்தைக் குழியாடி போல் வாங்கிக் கண்ணை உறுத்தும். யன்னல் பக்கவாட்டில் இருத்தல் நலம். மேசையின் ஆழம் 70 சென்ரிமீற்றருக்குக் குறைவாயின், முதலில் மேசையை அளந்துவிட்டுப் பின்னரே கடைக்குச் செல்வது அறிவுடைமை.

முடிவாகக் கூறின், இரண்டு பத்திரங்களை அருகருகே விரித்துப் பகலெல்லாம் பணிசெய்து, ஓய்வில் தனியே விளையாடுபவர்க்கு மிதமான வளைவுள்ள அகல்திரை தகுந்த பொருள். பிள்ளைகள் பாடம் பார்க்க, வீட்டார் கிரிக்கெட் பார்க்க, தாம் தொழில் பார்க்க ஒரே திரை வேண்டுபவர்க்கு அது தகாது. 27 அங்குலத் தட்டைத் திரையே அவ்வீட்டுக்குப் போதும். மீந்த பணம் வரைகலை அட்டைக்கோ பிள்ளையின் கல்விக்கோ உதவும். வட்டக்களரியைச் சுற்றி ஊரே அமரலாம். வளைதிரையின் நடுவில் ஒரே ஓர் இருக்கைதான் உண்டு. அவ்விருக்கையில் நாடோறும் அமர்பவர் யார், எத்தனை மணி நேரம் என்று வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்தபின் வாங்கும் திரை, விலை குறைந்ததாயினும் குறையுடையதாகாது.