சத்தம் இல்லாத பாட்டு: கீபோட்டிலிருந்து எம்பி3 வரை

கீபோட்டில் ஒரு மெட்டுப் போட்டு நண்பர்களுக்கு அனுப்புவது இண்டைக்கு ஐந்து நிமிச வேலை. அதுக்குப் பின்னால் நாற்பது வருசக் கதை இருக்கு. நாங்கள் செய்கிற இசை மிஞ்சுமா, காணாமல் போகுமா என்ற கேள்விக்கும் அந்தக் கதைக்குள்தான் பதில் கிடக்கு.

1980களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பனியின் சிந்தசைசரும் தனித்தனி மொழி பேசியது. ஒன்றை மற்றதோடு இணைப்பது பெரிய தலையிடி. யப்பானில் றோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககெஹாஷியும், அமெரிக்காவின் சீக்குவென்ஷல் சேர்க்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் பொதுமொழி ஒன்றுக்காக முன்னின்றார்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு கம்பனிகளின் கீபோட்டுகளையும் வயரால் இணைத்தார்கள். ஒன்றில் கட்டையை அழுத்த, மற்றது பாடியது. அந்தப் பொதுமொழிதான் மிடி. 2013இல் இருவருக்கும் அதற்காகத் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கோ. மிடியில் சத்தமே இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது என்ற கட்டளைகள் மட்டும்தான். மெசினுக்கு எழுதிக் கொடுத்த சுரக்குறிப்பு மாதிரி. அதனால்தான் ஒரு முழுப்பாட்டு சில பத்து கிலோபைட்டுக்குள் அடங்கியது, 1.44 மெகாபைட் ஃப்ளொப்பி ஒன்றில் கனக்கப் பாட்டுகளைக் கொண்டு திரியலாம்.

ஆனால் அதே கோப்பை இன்னொரு கீபோட்டில் போட்டால் பியானோ இருந்த இடத்தில் வேறேதோ கத்தும். இதைத் தீர்க்க 1991இல் ஜெனரல் மிடி வந்தது. 128 ஒலிகளுக்கு நிரந்தர இலக்கம்: 1 பியானோ, 41 வயலின், 74 புல்லாங்குழல். அந்தப் பட்டியலில் சித்தாருக்கும் செனாய்க்கும் இடம் கிடைத்தது. நாதஸ்வரம், தவில், மிருதங்கம் எதுவும் இல்லை. எங்கட வாத்தியங்களை வைத்து மெட்டுப் போட்டவர் கட்டளையை மட்டும் அனுப்பினால், அந்தப் பக்கத்தில் கேட்பது வேறு பாட்டு. ஆக, சத்தத்தையே அனுப்பத்தான் வேணும்.

சத்தமோ பாரமானது. இசைத்தட்டுத் தரத்தில் அதை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து எழுத வேண்டும். 1991இல் மைக்ரோசொஃப்ட்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்த வேவ் கோப்பில் அப்படி எழுதினால், ஒரு நிமிசத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட். ரெலிபோன் லைனில் வந்த 56 கிலோபிட் இணையத்தில் அந்த ஒரு நிமிசத்தை அனுப்ப 25 நிமிசம் செல்லும்.

வழி காட்டியது ஜேர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம். பெரிய சத்தம் ஒன்று கேட்கும்போது பக்கத்தில் உள்ள சின்னச் சத்தம் காதுக்கு எட்டாது. எட்டாததை எழுதி என்ன பயன்? கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் உள்ளிட்டோர் இந்த யோசனையில் ஒலியைச் சுருக்கினார்கள். 1995 ஜூலையில் அந்தக் கோப்புக்கு எம்பி3 என்று பெயர் வைத்தார்கள். 128 கிலோபிட்டில் ஒரு நிமிசம் ஒரு மெகாபைட் அளவுக்கு இறங்கிவிட்டது. வீட்டில் செய்த இசை ஊர் தாண்டிப் போனது அதுக்குப் பிறகுதான்.

இப்ப எங்கட கவலைக்கு வருவம். பழைய கீபோட்டுகளின் நினைவகத்திலும் ஃப்ளொப்பிகளிலும் கட்டளைகளாக மட்டுமே உறங்குகிற மெட்டுகள் இன்னும் இருக்கு. பல கருவிகளில் உள்ளே இருக்கிற பற்றரி செத்தால் நினைவகமும் அழிஞ்சிடும். கட்டளை மிஞ்சினாலும், அந்தக் கருவி போனால் அந்தக் குரல் போச்சு.

ஆகவே கருவி வேலை செய்யும்போதே அதன் ஒலி வெளியீட்டிலிருந்து கணினிக்கு வயர் போட்டு, வேவ் கோப்பாகப் பதியுங்கோ. பல கீபோட்டுகளில் யூஎஸ்பி வயர் கட்டளையை மட்டும்தான் கடத்தும், சத்தம் வராது. திருத்துவதற்கு மிடி, பாதுகாக்க வேவ், பகிர எம்பி3: மூன்றும் வேணும். எம்பி3 மட்டும் வைத்திருந்தால், அது வெட்டி எறிஞ்சதைத் திரும்ப எடுக்கேலாது.