எண்ணிக்கையில் வராத வெற்றிகள்

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். கோல்ஃப் தெரியாதவர்களும் போடலாம். கூட்டல் தெரிந்தால் போதும்.

நான் பிழைக்க வந்த கனடாவில் பெண்களுக்கான தேசிய கோல்ஃப் போட்டி ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. அதை மும்மூன்று முறை வென்றவர்கள் மூன்று பேர். அமெரிக்காவின் பாட் பிராட்லி (1980, 1985, 1986), அதே நாட்டின் மெக் மாலன் (2000, 2002, 2004), நியூசிலாந்தின் லிடியா கோ (2012, 2013, 2015). ஆளுக்கு மூன்று கோப்பை, சமமாகத்தானே இருக்கிறது? இல்லை. சாதனைப் பட்டியலில் 'மேஜர்' என்ற கட்டத்தில் இந்தப் போட்டிக்காக பிராட்லிக்கு 3, மாலனுக்கு 1, கோவுக்கு 0.

யாரும் ஏமாற்றவில்லை, எண்ணியவர்களுக்குக் கணக்கும் தப்பவில்லை. நடுவில் ஒரு சிகரெட் கம்பெனி வந்தது, பிறகு ஒரு சட்டம் வந்தது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் மேஜர் என்றால் என்ன? டென்னிஸில் விம்பிள்டன், பிரெஞ்சு ஓபன் எல்லாம் 'கிராண்ட் ஸ்லாம்' இல்லையா, கோல்ஃபில் அதுதான் மேஜர். வருடம் முழுக்க எத்தனையோ போட்டிகள் நடந்தாலும் ஒரு வீராங்கனையின் பெயருக்குப் பக்கத்தில் காலகாலத்துக்கும் எழுதப்படுவது மேஜர் எண்ணிக்கைதான். ஆண்களுக்குப் பல தலைமுறைகளாக அதே நான்கு. பெண்களுக்கு அப்படி இல்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் போல, போட்டிகள் உள்ளே வந்திருக்கின்றன, வெளியே போயிருக்கின்றன.

அமெரிக்கப் பெண்கள் ஓபன் 1946-ல் ஸ்போகேன் நகரில் தொடங்கியது. முதல் கோப்பை பாட்டி பெர்க்குக்கு. 1950-ல் அவரும் இன்னும் 12 பெண்களும் சேர்ந்து தங்களுக்கென்று தொழில்முறைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதுதான் எல்.பி.ஜி.ஏ. எந்தப் போட்டி மேஜர், எது இல்லை என்று முத்திரை குத்துவது பெரும்பாலும் இந்தச் சங்கம்தான்.

பாட்டி பெர்க் வென்ற மேஜர்கள் மொத்தம் 15. பெண்கள் கோல்ஃபில் இன்றுவரை அதுதான் உச்சம். அந்த 15-ல் 14, வெஸ்டர்ன் ஓபன், டைட்டில்ஹோல்டர்ஸ் என்ற இரண்டு போட்டிகளில் கிடைத்தவை. அவை 1967-லும் 1972-லும் மேஜர் வரிசையிலிருந்து மறைந்துவிட்டன. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் முதல் டைட்டில்ஹோல்டர்ஸ் வென்றது 1937-ல், அப்போது சங்கமே பிறக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து, பழையதையும் மேஜராக எண்ணிக்கொண்டார்கள். அதாவது, மனசு வைத்தால் பின்தேதியிட்டும் பட்டம் தரலாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது கனடாவுக்கு வருவோம். 1973-ல் 'லா கனடியென்' என்ற பெயரில் மான்ட்ரியாலில் இந்தப் போட்டி தொடங்கியது. பணம் போட்டது இம்பீரியல் டொபாக்கோ. முதல் வருடமே ஒரு நல்ல சினிமா மாதிரி முடிந்தது. அதே கியூபெக் மாகாணத்துப் பெண் ஜோஸ்லின் பூராசா, சாண்ட்ரா ஹேனி, ஜூடி ராங்கின் என்ற இரண்டு பெரிய அமெரிக்க வீராங்கனைகளை பிளேஆஃபில் முந்தி ஜெயித்தார். அடுத்த ஆண்டு போட்டியின் பெயர் 'பீட்டர் ஜாக்சன் கிளாசிக்' என்றாயிற்று. பீட்டர் ஜாக்சன் யாரோ கோல்ஃப் மேதை என்று நினைக்க வேண்டாம், அது ஒரு சிகரெட் பிராண்ட் :-) 1979-ல் மேஜர் பட்டம் கிடைத்தது. 1984-ல் பெயர் மறுபடி மாறி 'டு மோரியே கிளாசிக்'. அதுவும் அதே கம்பெனியின் சிகரெட்தான்.

சிகரெட்டுக்கும் பெண்கள் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறையவே இருந்தது. 1970-ல் பில்லி ஜீன் கிங் உட்பட ஒன்பது பெண்கள், ஆண்களுக்குத் தரும் பரிசில் சின்னப் பங்குதான் தங்களுக்கு என்று வெறுத்துப்போய்த் தனியாகப் பிரிந்தபோது, அவர்களுடைய டென்னிஸ் சுற்றுக்குக் கை கொடுத்தது வர்ஜீனியா ஸ்லிம்ஸ். பெண்களுக்கென்றே விற்கப்பட்ட சிகரெட். மற்ற கம்பெனிகள் 'பெண்கள் ஆடினால் யார் பார்ப்பார்கள்' என்று உதட்டைப் பிதுக்கிய காலத்தில் புகையிலைக் கம்பெனிகள் காசோலையோடு வந்தன. தர்மசிந்தனையால் அல்ல. டிவியில் சிகரெட் விளம்பரத்துக்குக் கதவு சாத்தப்பட்ட காலம் அது. பெண் வாடிக்கையாளர்களும் வேண்டும், பெயரும் திரையில் தெரிய வேண்டும். விளையாட்டு இரண்டையும் கொடுத்தது.

நம் பக்கமும் இதே கதைதான். எண்பது, தொண்ணூறுகளில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு 'வில்ஸ்' என்ற பெயரை நினைவுபடுத்தத் தேவையில்லை. 1996 உலகக் கோப்பையே வில்ஸ் உலகக் கோப்பைதான். அந்த பிராண்டின் ஐ.டி.சி. நிறுவனம் 1910-ல் பிறந்தபோது அதற்கு வைத்த பெயர் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா. எங்கள் ஆந்திராவின் குண்டூர்ப் பக்கத்து வயல்களில் விளைந்த புகையிலைதான் அதற்குத் தீனி. அங்கே புகையிலை விவசாயி, இங்கே கோல்ஃப் வீராங்கனை. இரண்டு பேருக்கும் படியளந்தது ஏறக்குறைய ஒரே தொழில்.

1997-ல் கனடா தன் புகையிலைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புகையிலை பிராண்டுகள் விளையாட்டுக்கும் கலைவிழாக்களுக்கும் ஸ்பான்சர் செய்வதைப் படிப்படியாக நிறுத்தி, 2003-ல் முழுவதுமாக மூடினார்கள். 2000-ல் ராயல் ஒட்டாவா கிளப்பில் கடைசி டு மோரியே கிளாசிக் நடந்தது. வென்றவர் மெக் மாலன். 2001-ல் அதே போட்டி, ஒரு வங்கியின் ஆதரவில், 'கனடியப் பெண்கள் ஓபன்' என்று நடந்தது. ஆனால் மேஜர் பட்டம் கடல் தாண்டிப் போய்விட்டது. 1976 முதல் நடந்துவந்த பிரிட்டிஷ் பெண்கள் ஓபனுக்கு அந்த ஆண்டு அது சூட்டப்பட்டது. தென்கொரியாவின் சே ரி பாக் அந்த முதல் பிரிட்டிஷ் மேஜரை வென்றார்.

இதன் விளைவுகள் வேடிக்கையாகவும் இருக்கின்றன, வருத்தமாகவும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் காரி வெப் பிரிட்டிஷ் ஓபனை மூன்று முறை வென்றவர்: 1995, 1997, 2002. எண்ணப்படுவது 2002 மட்டும். இன்னொரு பக்கம், 1999-ல் டு மோரியேவையும் வென்றிருந்ததால், ஐந்து வெவ்வேறு மேஜர்களை வென்றவர் என்ற தனிப் பெருமை அவருக்கு. மாலனுக்கு நேர்மாறு. 2002-லும் 2004-லும் அவர் மறுபடி கனடாவில் வென்றபோது அவை 'சாதாரண' வெற்றிகள். பந்து மாறவில்லை, குழியின் அளவு மாறவில்லை, எதிரே ஆடியவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். மாறியது பலகையில் எழுதியிருந்த பெயர்.

இதை யோசிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் நாராயணவனம்தான் ஞாபகம் வருகிறது. புத்தூர் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்த பலரில் நானும் ஒருவன். தல புராணப்படி ஆகாசராஜன் ஆண்டது எங்கள் ஊர். பத்மாவதித் தாயாருக்கும் ஸ்ரீநிவாசருக்கும் கல்யாணம் நடந்ததும் எங்கள் ஊரில்தான். ஆனால் வரிசை நிற்பது திருமலையில்! கல்யாணச் செலவுக்கு மாப்பிள்ளை குபேரனிடம் கடன் வாங்கினார் என்றும், இன்னும் வட்டி கட்டுகிறார் என்றும் சொல்வார்கள். உலகின் முதல் ஸ்பான்சர் குபேரனாகத்தான் இருக்க வேண்டும் :-) கல்யாணம் ஓரிடம், வட்டி வசூல் இன்னோரிடம். 2022-ல் ஓர் அரசாணையில் எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. முகவரி மாறியது, கோபுரம் நகரவில்லை. பட்டங்களும் எல்லைகளும் யாரோ உட்கார்ந்து போடுகிற கையெழுத்துகள். அதற்காக அவை பொருளற்றவை என்று சொல்ல மாட்டேன். எந்தக் கையெழுத்து எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் அந்தச் சட்டம் தவறா? இல்லவே இல்லை. ஒரு விளையாட்டுக்காக நுரையீரல்களை விற்க முடியாது. என் கேள்வி வேறு: அந்த நல்ல காரியத்துக்கான பில் யாரிடம் போனது? வில்ஸ் போனதும் இந்தியக் கிரிக்கெட்டுக்கு சஹாரா வந்தது, ஒரு நாளும் அடுப்பு அணையவில்லை. பெண்கள் கோல்ஃபில் ஒரு ஸ்பான்சர் போனதும் இருபதாண்டுக்கும் மேலாகச் சேர்த்த மேஜர் தகுதியே போய்விட்டது. ஒரே கம்பத்தில் கட்டிய பந்தல் அப்படித்தான். இன்றும் பெண்கள் மேஜர்களில் ஒன்றின் பெயர் தண்ணீர் பாட்டில் கம்பெனியினுடையது, இன்னொன்றின் பெயர் எண்ணெய்க் கம்பெனியினுடையது. எண்ணெய்க் கம்பெனியின் பெயர் வந்த பிறகு, ஐம்பதாண்டு கலிபோர்னியாவில் நடந்த போட்டி 2023-ல் டெக்சாஸுக்குப் போனது.

பட்டம் போன பிறகு கனடியப் போட்டி சோர்ந்துவிட்டதா என்றால், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2012-ல் லிடியா கோ என்ற 15 வயதுப் பெண், அதுவும் அமெச்சூராக, இங்கே வந்து ஜெயித்தார். எல்.பி.ஜி.ஏ. வரலாற்றில் அவ்வளவு சின்ன வயதில் யாரும் வென்றதில்லை. அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தில் ஒரு காசு வாங்க முடியாது. அடுத்த ஆண்டும் அப்படியே வந்து, அப்படியே ஜெயித்து, அப்படியே வெறுங்கையோடு போனார்.

இதே கோவை நமக்கு வேறு விதத்தில் தெரியும். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், தன் அம்மாவையே கேடியாக வைத்துக்கொண்டு, கடைசிக் குழி வரைக்கும் பதக்கத்துக்காகப் போராடினார். ஒரே ஒரு அடியில் வெண்கலம் நழுவி நான்காம் இடம். அந்த வெண்கலத்தை வாங்கியவர் லிடியா கோ. நான்காம் இடத்துக்குப் பட்டியலில் பதக்கம் இல்லை. ஆனால் அந்த சனிக்கிழமை கோல்ஃபில் எத்தனை குழி என்றே தெரியாத எத்தனை பேர் இந்தியாவில் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்! அதுவும் எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை.

பூராசாவுக்குப் பிறகு இன்னொரு கனடியப் பெண் சொந்த மண்ணில் இதை வெல்ல 45 ஆண்டுகள் ஆயின. 2018-ல் ரெஜைனா நகரில் ப்ரூக் ஹெண்டர்சன், அக்காவைக் கேடியாக வைத்துக்கொண்டு ஜெயித்தார். 2025-ல் டொரான்டோவை ஒட்டிய மிசிசாகாவில் மறுபடியும். 2021-ல் மறைந்த பூராசா, முதலாவதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 1973-ன் அவர் வெற்றியும் மேஜர் இல்லை, ஹெண்டர்சனின் இரண்டும் மேஜர் இல்லை. கனடியர்கள் மறக்காமல் சொல்லிக்கொண்டிருப்பது இந்த மூன்றையும்தான்.

பாட்டி பெர்க்குக்குச் செய்ததுபோல் பின்தேதியிட்டு எல்லாருக்கும் பட்டம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைத் தொடங்கினால் முடிவே இருக்காது. அடுத்த முறை ஒரு வீராங்கனையின் பெயருக்குப் பக்கத்தில் இத்தனை மேஜர் என்று படித்தால், அந்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். வென்ற ஆண்டுகளையும் ஒருமுறை பாருங்கள். அந்த ஆண்டில் பணம் போட்டது யார் என்றும் பாருங்கள்.