ரைட் ஆவணங்களும் ஆய்வுப் பயண நல்கையும்

ஆய்வுப் பயண நல்கை என்பது, தொலைவிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கு நேரில் வந்து மூல ஆவணங்களைப் பார்க்கும் ஆய்வாளருக்குப் போக்குவரத்து, தங்கல், உணவுச் செலவுக்காகத் தரப்படும் தொகை. கட்டடக் கலைஞர்களின் ஆவணங்களை ஆராய்வோருக்கு இதன் தேவை மற்றவர்களைவிட அதிகம். கடிதத்தைப் படியெடுத்து அனுப்பினால் பெரும்பாலும் போதும். வரைபடத்துக்கு அது போதாது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகத்திலுள்ள ஃபிராங்க் லாயிட் ரைட்டின் (1867–1959) ஆவணங்கள் இதற்கு நல்ல சான்று.

தொகுப்பின் வரலாறு

ஏவரி நூலகமே ஒரு கட்டடக் கலைஞரின் நினைவாக எழுந்தது. ஹென்றி ஆக்டன் ஏவரி 1890இல் நாற்பது வயதுகூட நிறையாமல் இறந்தார். அவர் சேர்த்திருந்த நூல்களையும் வரைந்த தாள்களையும் பெற்றோர் அதே ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மேலும் நூல் வாங்க நிதியும் வைத்தார்கள். கட்டடக்கலை இதழ்களுக்கு 1934இல் இங்கே தொடங்கிய கட்டுரை அட்டவணை இன்றளவும் துறையின் அடிப்படைக் கருவி.

ரைட்டின் தாள்கள் இங்கே வந்து சேர்ந்த கதை நீண்டது. 1911இல் விஸ்கான்சின் மாநிலத்தில் அவர் கட்டிய டாலியெசின், வீடும் வரைகூடமும் சேர்ந்த இடம். 1914 ஆகஸ்டில் பணியாள் ஒருவர் வைத்த தீயிலும் நடத்திய தாக்குதலிலும் அங்கே ஏழு பேர் உயிரிழந்தனர். குடியிருப்புப் பகுதி எரிந்தது, வரைகூடம் தப்பியது. 1910இல் பெர்லினில் அச்சான அவருடைய வாஸ்முத் வரைபடத் தொகுதியின் படிகள் நிலவறையில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை அந்தத் தீயில் போயின. 1925இல் மீண்டும் தீ. இத்தனைக்கும் பிறகு இவ்வளவு தாள்கள் மிஞ்சியது பெரும் பேறு என்றே சொல்ல வேண்டும்.

மிஞ்சியதை ஒழுங்குபடுத்திய பெருமை புரூஸ் புரூக்ஸ் ஃபைஃபருக்கு உரியது. 1949இல் பயிற்சி மாணவராக டாலியெசினுக்கு வந்த அவர், ரைட்டின் மறைவுக்குப் பின் பல பத்தாண்டுகள் ஆவணங்களைக் காத்தார். அவர் காத்த தொகுப்பில் ரைட்டின் ஒவ்வொரு பணிக்கும் நான்கு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் அடுத்த இரண்டும் அவ்வாண்டின் வரிசையையும் குறிக்கும். ரைட் வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் எண் 4305. கட்டடம் திறக்கப்பட்டது 1959இல், ரைட் மறைந்து ஆறு மாதம் கழித்து. ஆனாலும் அதன் தாள்கள் எல்லாம் 43ஆம் ஆண்டின் எண்ணிலேயே நிற்கின்றன. கடிதங்களுக்கு அந்தோணி அலோஃப்சின் தொகுத்த ஐந்து தொகுதி அட்டவணை 1988இல் வெளிவந்தது.

2012இல் கொலம்பியாவும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் இந்தத் தொகுப்பைக் கூட்டாகப் பெற்றன. சுமார் 23,000 வரைபடங்கள், 44,000 ஒளிப்படங்கள், 3 லட்சம் கடிதத் தாள்கள். தாள்கள் ஏவரிக்கும் கட்டட மாதிரிகள் அருங்காட்சியகத்துக்கும் சென்றன. வரைந்த மண்ணை விட்டுத் தாள்கள் போகலாமா என்ற வருத்தம் சிலருக்கு இருந்தது. ஆனால் ஆய்வாளருக்கு எளிதில் எட்டும் இடமும் பாதுகாப்பும் பல்கலைக்கழக நூலகத்திலேயே கிடைக்கும் என்பதால், அந்த முடிவு சரியானதே.

நேரில் பார்ப்பதன் தேவை

இந்தத் தேவையை உணர, ரைட் வடிவமைத்த டிரோட்ஸ் வீட்டின் 1906ஆம் ஆண்டுக் காட்சிப் படம் ஒன்று போதும். கீழ்ப்பகுதியில் ரைட்டே, இதை வரைந்தவர் மேரியன் மஹோனி என்றும், தன் வடிவமைப்பையும் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயையும் பின்பற்றி வரைந்தார் என்றும் குறித்திருக்கிறார். ரைட்டின் பெயரால் உலகம் வியந்த படங்கள் பல, அவரது வரைகூடத்தில் பணியாற்றிய மஹோனியின் கைவண்ணம். எந்தக் கோடு எவருடையது என்று பிரித்தறிய பென்சிலின் அழுத்தம், அழித்த இடத்தில் தாளின் தேய்வு, பின்புறக் குறிப்பு எல்லாம் கண்ணில் பட வேண்டும். இவை திரையில் மங்கிவிடுகின்றன. டிரேசிங் தாளை விளக்கொளியில் பார்த்தவருக்குத்தான் முதல் கோடும் திருத்திய கோடும் தனித்தனியாகத் தெரியும்.

கட்டப்படாத பணிகளுக்கோ தாளைத் தவிர வேறு சாட்சியே இல்லை. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலைக்காக 1940களில் ரைட் வடிவமைத்த கடை அவற்றுள் ஒன்று.

நல்கை

கொலம்பியா நூலகங்களின் ஆய்வு நல்கை, ஒருவருக்கு 2,500 டாலர் வீதம் பத்துப் பேருக்கு என்று தொடங்கப்பட்டது. நியூயார்க் வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கே இது உரியது. இங்குள்ள ஆவணங்களைப் பார்த்தே தீர வேண்டிய தேவையை விண்ணப்பதாரர் நிறுவ வேண்டும். ஆகவே பொதுவான ஆர்வத்தை எழுதுவதைவிட, எந்தப் பணியின் எந்தத் தாள்கள் வேண்டும் என்று எண்ணோடு கேட்கும் விண்ணப்பமே வலுவானது. ஃபைஃபரின் நான்கு இலக்கம் இங்கும் கைகொடுக்கிறது.

நல்கை ஏவரிக்கு மட்டும் உரியதன்று. கொலம்பியாவின் அரிய நூல் பிரிவு, கிழக்காசிய நூலகம் முதலியவற்றை நாடி வருவோரும் அதே பத்து இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். மன்ஹாட்டன் வாடகையில் 2,500 டாலர் இரண்டு வாரம் தாங்கினால் அதிகம். கடல் கடந்து வரும் ஓர் இளம் ஆய்வாளருக்கு விமானக் கட்டணத்திலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். 3 லட்சம் கடிதத் தாள்களைக் காக்க முன்வந்த ஒரு நிறுவனம், அவற்றைப் படிக்க வருபவருக்கும் அதே அக்கறையோடு செலவிடுவது கடமை.

முன்பதிவு செய்து வருவோருக்கு வரைபடங்கள் வாசிப்பறையில் காட்டப்படுகின்றன.