சிறு நோயின் பெருங்கதை

மன்னர்களின் போர்களையும் முடியாட்சிகளின் வீழ்ச்சியையுமே வரலாறு என்று படித்துப் பழகிய நமக்கு, தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் துடையில் தோன்றும் சிவப்புக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் நகைப்புத் தோன்றலாம். ஆயினும், உண்டு. அவ்வரலாற்றில் கூரிய நோக்கும் உண்டு. கொடிய பிழையும் உண்டு. பிழையினால் மாண்ட சிசுக்களும் உண்டு. ஆதலால் அதனைச் சற்றே கேட்பது வீண் போகாது.

சுசுருத சம்ஹிதையின் நிதான ஸ்தானத்தில், 'க்ஷுத்ர ரோகங்கள்', அதாவது சிறு நோய்கள் என்ற தலைப்பில் 44 நோய்கள் தொகுத்துக் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் அஹிபூதனம். குழந்தையின் ஆசனவாயைச் சுற்றி மலமும் மூத்திரமும் பட்ட இடத்தைக் கழுவாது விட்டாலும், வேர்த்த குழந்தையை நீராட்டாது விட்டாலும் அங்கே அரிப்பு உண்டாகும். சொறியச் சொறியக் கொப்புளம் எழும்பி நீர் கசியும். பின்னர் புண்கள் ஒன்றுகூடிக் கொடியதாகும் என்பது அந்நூலின் விளக்கம். இரத்தமும் கபமும் கெடுவதே மூலம் என்பது அக்காலக் கொள்கை. கொள்கை எதுவாயினும், கண்ட காட்சி பிழையற்றது. இன்று எந்தத் தாயும் இந்த விளக்கத்தைக் கேட்டவுடன் தன் குழந்தையின் இடுப்புத் துணியை நினைத்துக்கொள்வாள்.

ஆனால் சிகிச்சைக்கு வரும்போது அதே நூல் கழுவுவதற்குக் கஷாயம் கூறியதோடு நிற்கவில்லை. துத்தமும் அரிதாரமும் சேர்ந்த பூச்சு ஒன்றையும் சொல்லுகிறது. அரிதாரம் ஆர்சனிக் என்னும் நஞ்சு அடங்கிய பொருள் என்பதை நாம் அறிவோம். நோயைக் கண்ட கண் கூர்மையானது. மருந்தை எடுத்த கை அத்தனை எச்சரிக்கை கொள்ளவில்லை. இந்த முரண்பாடு பழங்காலத்தோடு ஒழியவில்லை என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள்.

1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து மருத்துவர் குக் என்பவர் இந்நோயை ஆராய்ந்து, மலத்தில் வாழும் ஒருவகைக் கிருமி மூத்திரத்திலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது என்று காட்டினார். விடியற்காலையில் ஈரத்துணியை அவிழ்க்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி அதுவேயன்றோ! அம்மோனியாவே தோலைப் புண்ணாக்குகிறது என்ற கருத்து அதன்பின் அரை நூற்றாண்டு மருத்துவ உலகில் கோலோச்சியது. கிருமியே பகைவன் என்றால், கிருமிகொல்லியே நண்பன் ஆகவேண்டும். வீடுதோறும் அத்தகைய நண்பர்கள் நுழைந்தார்கள்.

அவர்களுள் முதல்வர் போரிக் பவுடர். நம் நாட்டில் கேரம் பலகையில் தூவிக் காய்களை வழுக்கி ஓடச் செய்கிறோமே, அந்தப் பொடியேதான். தீங்கற்றது என்று நம்பி அதனைத் தாய்மார்கள் குழந்தையின் புண்பட்ட தோலில் தூவினார்கள். முழுத்தோலின் வழியே அது அதிகம் உட்புகாது. தோல் உரிந்திருந்தாலோ தடையின்றி இரத்தத்தில் கலந்துவிடும். 1953-இல் கனடா நாட்டு மருத்துவர்களான கோல்ட்புளூம் இருவர், உலக மருத்துவ ஏடுகளிலிருந்து போரிக் நஞ்சேறிய 109 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார்கள். மாண்டவர்களுள் பச்சிளங்குழந்தைகள் பலர்.

இதனினும் துயரமானது பிரான்சு தேசத்தில் 1972-இல் நிகழ்ந்தது. ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிகொல்லி, தயாரிப்புப் பிழையினால் ஒரு குழந்தைப் பவுடரில் 6 சதவீதத்திற்கும் மேலாகக் கலந்துவிட்டது. 204 குழந்தைகள் நோயுற்றன. 36 குழந்தைகள் இறந்தன. அன்போடு தூவிய கை எது என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் கலங்கும். சிசுவின் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். துணியால் மூடிய ஈரத் தோலோ எதையும் எளிதில் உறிஞ்சும். பெரியவர்களுக்குத் தாங்கும் மருந்து சிசுவுக்குத் தாங்காததன் காரணம் இதுவே.

பின்னர், அடிப்படைக் கருத்தே ஆட்டங் கண்டது. 1977-இல் லேடன், கிளிக்மன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், தடிப்புள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அம்மோனியாவின் அளவில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணவில்லை. 1986-இல் வெளிவந்த ஆய்வுகள் உண்மையைத் தெளிவாக்கின. மூத்திரம் தோலின் இயல்பான புளிப்புத் தன்மையைக் குறைக்கிறது. அப்போது மலத்திலுள்ள செரிமான நொதிகள் வேகம் பெற்றுத் தோலை அரிக்கின்றன. தனித்தனியே அல்ல, இரண்டும் கூடித்தான் பெருந்தீங்கு விளைவிக்கின்றன. மலமும் மூத்திரமும் ஒருசேரக் கழுவப்படாமையே காரணம் என்ற பழைய வாக்கு நேயர்களுக்கு நினைவு வரலாம். சுசுருதர் நொதிகளை அறிந்தவரல்லர்; ஆனால் அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்திருந்தார்.

இவ்வரலாற்றினால் நாம் பெறும் பயன் யாது? முதலாவது, இனங்காணல். துணி உரசும் மேடான இடங்களில் சிவந்து, மடிப்புகள் தப்பியிருந்தால் அது துணித் தடிப்பு. மடிப்புகளுக்குள்ளும் செக்கச் சிவந்து, ஓரங்களில் சிறு சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் பூஞ்சைக் காளான் பற்றியிருக்கக்கூடும். அதற்கு மருத்துவர் தரும் தனி மருந்து வேண்டும். கழுத்திலும் முதுகிலும் பொடிப்பொடியாக எழுவது வேர்க்குரு. காற்றோட்டமும் மெல்லிய உடையும் போதும். கன்னத்தில் வறண்டு அரிக்கும் கரப்பான், துணி மூடும் இடத்தைப் பெரும்பாலும் தீண்டாது.

இரண்டாவது, ஆற்றுதல். நனைந்த துணியை உடனே மாற்றுக. வெறும் நீரால் மென்மையாகக் கழுவுக. தேய்க்காது ஒற்றி உலர்த்துக. சிறிது நேரம் துணியின்றிக் காற்றாடக் கிடத்துக. பிறகு துத்தநாகக் களிம்போ வாசலைனோ தடவினால், அது ஈரத்துக்கும் தோலுக்கும் இடையே வேலியாக நிற்கும். பவுடர் வேண்டாம், அதன் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். இரண்டு மூன்று நாட்களில் குறையாவிட்டாலும், கொப்புளம், சீழ், காய்ச்சல் கண்டாலும் தாமதியாது மருத்துவரிடம் காட்டுக.

பழைய வேட்டியைக் கிழித்துத் துணியாக்கி, நனைந்தவுடன் மாற்றி, வெயிலில் உலர்த்திய நம் பாட்டிமார்கள் ஆய்வுக்கூடத்தைக் கண்டவர்கள் அல்லர். அவர்கள் செய்தவை யாவும் சரியென்று கொள்ளவேண்டியதில்லை. ஆனால் நீரும் காற்றும் பொறுமையும் எக்குழந்தையையும் கொன்றதாக வரலாறு கூறவில்லை. சிறு நோய்க்குப் பெருமருந்து தேடுமுன் அதனை நினைவில் வைப்பது நலம்.