பத்து ராகம், ஒரு வெள்ளிப் பெட்டி

ஜமீன் கோடாங்கிபட்டிக்காரர்கள் ஆடுகிற தேவராட்டத்துக்குப் பாட்டு கிடையாது. காலில் சலங்கை, கையில் துணி, வரிசையாக ஆட்கள், பக்கத்தில் தேவதுந்துபி. அவ்வளவுதான். துந்துபி மேளத்தின் அடி மாறினால் காலடி மாறும். ஒரு பக்கத் தோலில் குச்சியைத் தேய்த்து இழுக்கும்போது ஒரு உறுமல் எழும்புமே, அடிவயிற்றில் போய் உட்காருமே, அதற்குப் பிறகு சொல் எதற்கு?

அதே கரிசல் மண்ணில்தான் விளாத்திகுளம் சுவாமிகள் இருந்தார். அவருக்கும் சொல் தேவைப்படவில்லை. சாகித்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு ராகத்தை மட்டும் மணிக்கணக்கில் பாடியவர். ஆக, பாட்டில்லாத ஆட்டம் ஒரு பக்கம், சொல்லில்லாத ராகம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே பந்தலில் ஏற்றிப் பார்க்கும் யோசனை எங்கள் ஊரில் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. 1982இல் பம்பாயில் ஒருவருக்கு வந்தது.

அவர் பெயர் சரண்ஜித் சிங். இந்திப் படப் பாட்டுகளுக்குக் கிடார், பேஸ் கிடார், கீபோர்டு என்று வாசித்துப் பிழைத்த கலைஞர். சங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன் குழுக்களில் எல்லாம் இருந்தவர். இசைத்தட்டு உறையின் முன்பக்கத்தில் பெயர் வராத ஜாதி. கல்யாண வீடுகளில் சொந்தக் குழு வைத்தும் வாசித்தார்.

அது டிஸ்கோ காய்ச்சல் அடித்த காலம். 1980இல் வந்த ‘குர்பானி’ தொடங்கி வைத்தது, அதன் பிறகு எந்தப் படத்தை எடுத்தாலும் டிஸ்கோ. இங்கே கோவில்பட்டி ஸ்பீக்கர் செட்டுக்காரர்கள் ‘சகலகலா வல்லவன்’ போட்டுத் தெருவை அதிரவிட்ட அதே 1982இல், சிங்குக்கு வேறு ஏதாவது செய்து பார்க்கத் தோன்றியது. ஆனால் டிஸ்கோ அடியை அவர் விடவில்லை. தபலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைத்து, மேலே சுத்தமாக ராகம் வாசித்தால் என்ன என்று நினைத்திருக்கிறார். பிறந்த கதை என்று பார்த்தால் இந்த ஒரு வரிதான். மீதி எல்லாம் கருவிகளின் கதை.

கருவிகள் சிங்கப்பூரில் வாங்கியவை, மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி சரக்கு. டிஆர்-808 தாளத்துக்கு. ஜூபிடர்-8 கீபோர்டு ராகத்துக்கு. மூன்றாவதுதான் விசேஷம்: டிபி-303 என்கிற சின்ன வெள்ளி நிறப் பெட்டி. பேஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லாமல் தனியாகக் கிடார் பழகுகிறவனுக்குத் துணையாக 1981இல் சந்தைக்கு வந்தது. துணையாக அது உருப்படவில்லை. பேஸ் கிடார் போலவும் ஒலிக்கவில்லை, உள்ளே சுரம் ஏற்றுவதோ தலைவேதனை. சுரங்களைத் தனியாக ஏற்ற வேண்டும், அவற்றின் காலத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். ஒரு சுற்றுக்குப் பதினாறு படி. சதுஸ்ர நடையில் நாலு தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். சுரத்தை முதலில் ஒப்பித்துவிட்டு தாளத்தைப் பிறகு போடு என்று எந்த வாத்தியாராவது சொல்வாரா? மூன்றே வருஷத்தில் கம்பெனியே அதைச் செய்வதை நிறுத்திவிட்டது.

ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு குணம் இருந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிப் போகும். ராகம் தெரிந்த கைக்கு அது போதாதா? சிங் வீட்டில் உட்கார்ந்து மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்தார். 808 அடிக்க, அந்த அடியோடு 303 ஓட, மேலே ஜூபிடரில் அவர் கை ஆலாபனை செய்தது. இரண்டு நாளில் பத்து ராகமும் பதிவாகிவிட்டன. ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று எச்.எம்.வி. இசைத்தட்டாக வெளியிட்டது.

பெயர்கள் இந்துஸ்தானிப் பெயர்கள். நம் காதுக்கு அவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களே. பூபாலி நம்முடைய மோகனம். மால்கௌன்ஸ் ஹிந்தோளம். பைரவ் என்பது பிள்ளைகள் முதல் பாடமாக ஸரளி வரிசை படிக்கிற மாயாமாளவகௌளை. யமன் கல்யாணி, கலாவதி வலஜி. பைரவில் மட்டும் எந்திரக் குரல் ஒன்று ‘ஓம் நமசிவாய’ என்கிறது. அதைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் கட்சி. மற்றபடி துந்துபி மாதிரிதான், சொல் கிடையாது.

தட்டு விற்கவில்லை. படப்பாட்டுக் கேட்கிறவனுக்கு இதில் பாட்டில்லை, கச்சேரி கேட்கிறவனுக்கு இதில் மரியாதையில்லை. சிங் மறுபடி கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டார்.

கதை இங்கிருந்து அமெரிக்காவுக்குத் தாவுகிறது. விலைபோகாத 303 பெட்டிகள் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சிகாகோவில் மூன்று இளைஞர்கள் ஒன்றை வாங்கி, கையேடு இல்லாமல் திருகுகளைக் கண்டபடி திருப்பினார்கள். உறுமலும் குழறலுமாக ஒரு ஒலி வந்தது. ‘ஃபியூச்சர்’ என்ற குழுவாக அவர்கள் 1987இல் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’, ஆசிட் ஹவுஸ் என்ற ஆட்ட இசைக்கே தொடக்கம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஐரோப்பாவின் கிளப்புகள் முழுக்க அந்த ஒலிக்கு ஆடின.

2002இல் எடோ போமன் என்ற டச்சுக்காரர் டெல்லிக் கடை ஒன்றில் சிங்கின் தட்டை எடுத்துக் கேட்டார். ‘ஆசிட் டிராக்ஸ்’ வருவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே அதே பெட்டி, அதே வழுக்கல். பம்பாய் போய் சிங்கைக் கண்டுபிடித்தார். 2010இல் தட்டு மறுபடி வெளிவந்தபோது, யாரோ ஒரு குறும்பன் இப்போது செய்து பழையது என்று விற்கிறான் என்றே சிலர் நினைத்தார்கள்.

உடனே ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்’ என்று கொடி ஏற்றினோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிகாகோ பையன்கள் சிங்கைக் கேட்டதில்லை, சிங்குக்கும் அவர்கள் யாரென்று தெரியாது. அவர்கள் பெட்டியைக் கண்டபடி திருகிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இவர் ஒழுங்காக வாசிக்க வைத்துக் கண்டுபிடித்தார். ஒரே விதை, இரண்டு புஞ்சை. குறையும் சொல்லத்தான் வேண்டும்: பன்னிரண்டு சுரத்தானத்தைத் தாண்டி அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. நாகஸ்வரக்காரர் காருகுறிச்சி அருணாசலம் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஆபேரியை இழைத்ததைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு இந்த வழுக்கல் கமகம் ஆகாது. அருணாசலத்துக்குச் சிலை வைத்த ஊர் எங்கள் கோவில்பட்டி.

சிங் எழுபது வயதுக்குமேல் ஐரோப்பிய மேடைகளில் அந்தப் பத்து ராகத்தையும் வாசித்தார். ஆடியவர்களுக்கு அவருடைய பேத்தி வயதுதான் இருக்கும். 2015இல் காலமானார்.

போன பங்குனியில் செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு தவில்காரப் பெரியவருக்கு, சிங்கின் மால்கௌன்ஸை போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது.

“ஹிந்தோளம்லா” என்றார். “நல்லாத்தான் இருக்கு. ஒத்து ஊதுறவன் யாருப்பா? மூச்சே விட மாட்டேங்கான்.”

ஆள் இல்லை, ஒரு பெட்டி என்றேன்.

“சுருதிப்பெட்டியா?”

“அப்படித்தான் வச்சுக்கோங்களேன், அண்ணாச்சி.”

“இன்னொருக்கப் போடு.”