புதையுண்ட பள்ளமும் புதையுண்ட வரலாறும்

நிலவிலே பாட்டி வடை சுடுகிறாள் என்று குழந்தைகளுக்குக் கதை சொல்வது நம் வழக்கம். விஞ்ஞானம் அந்தக் கறைகளின் உண்மையைக் கூறிவிட்டது. விண்ணிலிருந்து வந்து மோதிய பெரும் பாறைகள் தோண்டிய பள்ளங்களில் எரிமலைக் குழம்பு நிரம்பி உறைந்ததே அக்கருமை. காற்றும் மழையும் இல்லாத நிலவிலே பழைய வடுக்கள் எளிதில் அழிவதில்லை. ஆனால், ஒரு மோதலின் வடுவை மற்றொரு மோதல் மூடிவிடக்கூடும்.

இதற்குச் சான்று அண்மையிற் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இந்தியாவின் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை அடுத்த மேட்டுநிலத்தில் இறங்கியது. அங்கு ஊர்ந்த பிரக்யான் ஊர்தியும் நிலவைச் சுற்றும் கலமும் எடுத்த படங்களை அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூட அறிஞர்கள் ஆராய்ந்தனர். அவ்விடத்தைச் சூழ்ந்து, சுமார் 160 கிலோமீட்டர் அகலமான பழம்பள்ளமொன்று புதையுண்டு கிடப்பதை 2024இல் அறிவித்தனர். ஏறக்குறைய 350 கிலோமீட்டருக்கு அப்பால், தென்துருவ-எய்ட்கன் என்னும் மாபெரும் பள்ளம் பிறந்தபோது சிதறிய கல்லும் மண்ணும் இந்த மூத்த பள்ளத்தை மூடிவிட்டன. மூடினும் வட்டம் முற்றாக மறையவில்லை, தேடியவர்க்குப் புலப்பட்டது.

நிலவைத் தேடும் இம்முயற்சிக்குத் தமிழ் மண்ணும் துணைநின்றது. நிலவின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தொசைட் என்னும் வெளிர்நிறப் பாறையால் ஆனவை. அதே இனப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் உண்டு. 2019இல் ஏவப்பட்ட சந்திரயான்-2இன் சோதனைகளுக்கு அப்பாறைப் பொடியே நிலாமண்ணாகப் பரப்பப்பட்டது.

நாமக்கல், பழைய சேலம் ஜில்லாவின் பகுதி. அந்த ஜில்லாவிலிருந்தும் திருச்சி முதலிய ஜில்லாக்களிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வறுமையால் விரட்டப்பட்ட மக்கள், மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே மாண்டோர் பலர். எஞ்சியோரும் அவர்தம் சந்ததியாரும் நமுனுகுல முதலான மலைகளிற் காடழித்துக் கோப்பி நட்டனர். பின்னர் தேயிலை நட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. எஞ்சிய நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

இம்மக்களின் வரலாறும் புதையுண்ட பள்ளமே. துரைமாரின் ஏடுகளிலே அவர்கள் தலைக்கணக்காகவும் கூலிக்கணக்காகவுமே நிற்கின்றனர். நிலவைப் போலன்றி, நம் மலைகளிலே மழை சுவடுகளைக் கழுவிச் செல்கிறது. ஆகவே, இங்கே காலம் தாழ்த்தலாகாது. முதியோரின் வாய்மொழியும், லயத்துப் பெட்டிகளிற் கிடக்கும் பழைய சீட்டுகளும் அழியுமுன் தொகுக்கப்பட வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணி இது. 400 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த ஒரு வட்டத்தை மனித அறிவு கண்டெடுத்துவிட்டது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளே ஆன ஒரு காலடித்தடத்தைக் காண இயலாதென்று கூறுவது அறிவின் குறையன்று; அக்கறையின் குறையே.