தராசு வந்த வழி

தரத்தை அறிவிப்பதால் தராசு என்று மேடைதோறும் சொல்கிறார்கள். தரம் இருக்கட்டும், எஞ்சி நிற்கும் 'ஆசு'? ஆசு என்றால் குற்றம். இந்தப் பிரிப்பை ஏற்றால் தராசு 'தரக்கேடு' ஆகிவிடும். பழஞ்செய்யுளில் கோல் உண்டு, அதன் நாவாகிய ஞமன் உண்டு. நன்னூலார் நல்லாசிரியருக்கு நிறைகோலை உவமை சொன்னார். சங்கப் பாட்டில் தராசு எங்கும் இல்லை. அது பாரசீகத் 'தராஸூ'. வசூல், பாக்கி, ரசீது வந்த வழியில்தான் அதுவும் வந்தது. ஒரகடத்தின் வழியே ஓடும் வண்டலூர்ச் சாலை சென்று சேரும் வாலாஜாபாத்தின் பெயரில் ஆர்க்காட்டு நவாபு வாலாஜா இன்றும் இருக்கிறார்; பாரசீகத்தில் ஆவணம் எழுதிய அரசு அவருடையது.

வந்த சொல் என்பது இழுக்கா? குர்ஆனே 17, 26ஆம் அத்தியாயங்களில் தராசைக் 'கிஸ்தாஸ்' என்கிறது. அது ரோமர் சொல் என்று ஆதி உரைகாரர் முஜாஹித் சொன்னதைப் பின்னாளைய அறிஞர் சுயூத்தி எடுத்தெழுதினார். வேதத்தின் பெருமை அதனால் குறைந்துவிடவில்லை.

நான் சொல்ல வந்தது 83ஆம் அத்தியாயமான முதஃப்பிஃபீன். அளவு நிறுவையில் மோசம் செய்வோர் என்று தமிழில் சொல்வார்கள். மோசமும் வடமொழி 'மோஷ', அதாவது திருட்டு, பொருத்தமாகவே அமைந்துவிட்டது. அத்தியாயப் பெயரின் அரபு வேர்ச்சொல் 'தஃபீஃப்' அற்பத்தைக் குறிக்கும். கொள்ளையடிப்பவனை அல்ல, துளித்துளியாகக் குறைப்பவனையே அத்தியாயம் முதலில் சபிக்கிறது. தனக்கு வாங்கும்போது நிறைய அளப்பான், பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பான். பட்டினப்பாலையின் புகார் வணிகர் இதற்கு நேர் எதிர்: மிகையாகக் கொள்ளார், குறைத்துக் கொடார். வள்ளுவர் நடுவுநிலைமையில் கோலையும் வைத்தார், வாணிகரையும் வைத்தார். மூன்று நூல்களும் கைகாட்டுவது ஒரே குற்றத்தைத்தான்.

14ஆம் வசனம் தீர்ப்புநாளைப் பொய்யென்போர் சம்பாதித்ததே அவர்கள் நெஞ்சில் துருவாகப் படிந்தது என்கிறது. 36 வசனங்களில் என்னை நிறுத்திவைப்பது இதுதான்.

குற்றம் எடையோடு நிற்பதில்லை. அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்கு வராத ஒருவரிடம் கலீஃபா உமர் "நீர் குறைத்துவிட்டீர்" என்று இதே வேர்ச்சொல்லால் சொன்னார். அதைப் பதிந்த இமாம் மாலிக், எல்லாவற்றிலும் நிறைவும் உண்டு, குறைப்பும் உண்டு என்று சேர்த்தார். ஒப்பந்தத் தொழிலாளியின் ஓவர்டைம் மணியைக் குறைத்து எழுதும் கை எந்தத் தொழிற்பேட்டையில் இருந்தாலும், அந்த வேர்ச்சொல்லுக்குள் அடங்கும். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

வந்த சொல் தராசோடு நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பழைய இரும்பு ஏற்றும் லாரியின் வேபிரிட்ஜ் சீட்டில் 'டேர்' என்று வெற்றுவண்டி எடை அச்சாகும். ஆங்கிலம் என்று நினைக்கிறோம். கழித்தெறிந்ததைக் குறிக்கும் அரபுச் சொல் ஐரோப்பாவைச் சுற்றி நம்மிடம் வந்திருக்கிறது. ராத்தலும் அரபு 'ரத்ல்'தான். அதே எடைமேடையை வடநாட்டு ஓட்டுநர் 'தர்ம காண்டா' என்பார். காண்டா என்றால் முள். நம் தராசிலும் நடுநிலை காட்டுவது முள்தான். இவ்விரண்டும் தனித்தனியே பிறந்த பெயர்கள் என்று நான் நம்பவில்லை. ஒரே சந்தையில் நின்று பேரம் பேசியவர்கள் தத்தம் மொழியில் இட்ட ஒரே பெயர் அது என்பதே என் துணிபு.